சும்மா இருக்கும் நேரத்தை அளப்பது எப்படி?

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைக் கேட்டதும் பலருக்கும் தற்கொலைதான் நினைவுக்கு வரும். அதுவும் உண்டுதான். ஆனால் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, நுரையீரல் நோய் என்று தெருவில் எல்லோருக்கும் வருகிற நோய்களே. இவர்களுக்கு அவை சீக்கிரம் வந்துவிடுகின்றன. வந்ததைக் கண்டுபிடிப்பதுதான் தாமதமாகிறது. மனச்சிதைவு நோய், இருமுனைக் கோளாறு, தீவிர மனச்சோர்வு ஆகிய மூன்றையும் பொதுவாகக் கடுமையான மனநோய் என்ற தலைப்பில் சேர்க்கிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொப்பை, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு என்று பல சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. ஒலான்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகள் பசியைக் கூட்டி எடையை ஏற்றும். பீடி, சிகரெட் ஒரு பங்கு. நாள் முழுக்க அசையாமல் இருப்பது இன்னொரு பங்கு.

மாத்திரையின் அளவு ஓபி சீட்டில் இருக்கிறது. எடை பார்க்க மெஷின் இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். அசையாமல் இருக்கும் நேரத்தை மட்டும் பெரும்பாலும் யாரும் எழுதிவைப்பதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று டெல்டாவின் எந்த மாவட்டத்திலும் மாதாந்திர மனநல முகாமில் டாக்டருக்கு ஒரு நோயாளியோடு கிடைப்பது சில நிமிடங்கள்தான். மாத்திரை போடுகிறாரா, தூங்குகிறாரா, சண்டை சச்சரவு உண்டா என்று கேட்டு முடிப்பதற்குள் வரிசை நெருக்கும். கடைசியில் கூட வந்த அம்மாவிடம் ஒரு வாக்கியம்: “கொஞ்சம் வாக்கிங் போகச் சொல்லுங்கம்மா.” எவ்வளவு கொஞ்சம்? இப்போது எவ்வளவு நடக்கிறார்? அடுத்த மாதம் வரும்போது கூடியதா குறைந்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

அளக்கத்தான் வேண்டும். ஆனால் உடற்பயிற்சியில் தொடங்கி அளந்தால் இங்கே ஒன்றும் கிடைக்காது. படுக்கையில் தொடங்கி, 24 மணி நேரத்துக்கும் கணக்குக் கேட்டால்தான் உண்மை கொஞ்சமாவது வெளியே வரும்.

ஏன் என்பதற்கு உலக அளவிலான எண்களையே எடுத்துக்கொள்ளலாம். 35,000 பேருக்கு மேல் அடங்கிய 69 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த ஆய்வு ஒன்று, கடுமையான மனநோய் உள்ளவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் சராசரியாக நாளுக்கு 476 நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ 8 மணி நேரம், உட்கார்ந்தோ சாய்ந்தோ கழிப்பதாகச் சொன்னது. மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவுக்கு இயங்குவது நாளுக்கு 38 நிமிடங்கள். இந்த 38-ஐ ஏழால் பெருக்கிப் பாருங்கள். வாரத்துக்கு 260 நிமிடத்தைத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள்தான். அப்படியானால் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

இல்லை. சராசரி என்பது பலரை மறைத்துவிடும்; தினமும் இரண்டு மணி நேரம் நடக்கும் ஒருவரும் கட்டிலைவிட்டு இறங்காத இருவரும் சேர்ந்தாலும் இதே 40 நிமிடம் வரும். அதைவிட முக்கியம், அளந்த விதம். மனச்சிதைவு போன்ற உளப்பிணி உள்ளவர்களைப் பற்றி 2016-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வில், வாயால் கேட்டு எழுதிய ஆய்வுகளில் உட்கார்ந்திருக்கும் நேரம் நாளுக்கு 7 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உடம்பில் கருவி கட்டி அளந்த ஆய்வுகளில் 12.6 மணி நேரம். இரண்டும் ஒரே ஆட்களை அளந்தவை அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் அளக்கும் முறை மாறினால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போகிறது என்றால், எதை நம்பி ஆலோசனை சொல்வது?

முதலில் கேள்வித்தாளைப் பார்ப்போம். உடலியக்கத்தைக் கேட்டறிய உலகம் முழுக்கப் புழங்குபவை இரண்டு: ஐபேக் (IPAQ), ஜிபேக் (GPAQ). ஐபேக்கின் சுருக்க வடிவத்தில் ஏழே கேள்விகள். கடந்த ஏழு நாட்களில், தொடர்ந்து பத்து நிமிடமாவது, கடுமையாக எத்தனை நாள், மிதமாக எத்தனை நாள், அப்படிச் செய்த நாளில் சராசரியாக எவ்வளவு நேரம் என்று போகும். மனநோய் இல்லாதவரையே உட்காரவைத்து இதைக் கேளுங்கள், முழிப்பார். மனச்சிதைவில் கவனமும் நினைவாற்றலும் அடிவாங்கியிருக்கும். எல்லா நாளும் ஒரே மாதிரி கழிகிறவரிடம் ‘சராசரி நாள்’ என்று கேட்டால், அவர் வாயில் வருகிற ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்து போவார். ஜிபேக் உலக சுகாதார நிறுவனத்துடையது, 16 கேள்விகள். வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று பிரித்துக் கேட்பதால் கிராமத்துக்குக் கொஞ்சம் பொருந்தும். ஆனால் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு அதில் ஒரே ஒரு கேள்விதான்.

நம் ஊரில் ஓய்வுநேர உடற்பயிற்சி என்ற பழக்கமே அபூர்வம். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,000 பேருக்கு மேல் எடுத்து 2014-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வில், தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பொழுதுபோக்காக எந்த உடலியக்கமும் செய்வதில்லை என்று தெரிந்தது. அது மனநோயாளிகளின் கணக்கல்ல, பொதுமக்களின் கணக்கு. டெல்டாவில் உடம்பு அசைவதெல்லாம் வேலையாகத்தான். நடவு, களையெடுப்பு, வரப்பு வெட்டுதல், மாட்டுக்குப் புல் அறுத்துவருவது, நூறு நாள் வேலை, வாசல் தெளித்துக் கோலம் போடுவது, கும்பகோணத்துப் படித்துறையில் துணி துவைப்பது. நோய் வந்து வேலை நின்றால் அசைவு மொத்தமும் நின்றுவிடுகிறது. ‘ஜிம்முக்குப் போவதை நிறுத்திவிட்டார்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் பூங்காவில் ஓடுகிறவர்களை மனதில் வைத்து எழுதிய கேள்விகளுக்கு இங்கே பதில் பூஜ்யம்தான். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய வாழ்க்கைக்கென்றே ஒரு கேள்வித்தாளை உருவாக்கி 2015-இல் வெளியிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனநோயாளிகளுக்கென்றே செய்யப்பட்டது சிம்பேக் (SIMPAQ) என்ற கேள்வித்தாள். 23 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். நோயாளி தானே நிரப்பும் தாள் அல்ல இது. பணியாளர் எதிரில் உட்கார்ந்து பேசிக் கேட்பது. மொத்தம் ஐந்து பெட்டிகள். படுக்கையில் எவ்வளவு நேரம், பகல் தூக்கம் உட்பட உட்கார்ந்தும் படுத்தும் எவ்வளவு, நடை எவ்வளவு, உடற்பயிற்சி எவ்வளவு, வீட்டுவேலை, தோட்டவேலை போன்ற மற்ற அசைவுகள் எவ்வளவு. ஐந்தையும் கூட்டினால் 24 மணிக்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, மறுபடி கேள்.

அந்த ‘மறுபடி கேள்’தான் விஷயமே. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு ஊசி, இரவில் மாத்திரை. எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்றால் ஒன்பது. எழுவது காலை ஏழு. பத்து மணி நேரம். பகலில் உட்கார்ந்திருப்பது? “டிவி பாப்பேன், அஞ்சு மணி நேரம் இருக்கும்.” நடை, டீக்கடைக்குப் போய்வர அரை மணி. உடற்பயிற்சி, சிரிக்கிறார். மாட்டுக்கு வைக்கோல் போடுவது, குளிப்பது, தண்ணீர் எடுத்துவைப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. கூட்டினால் 17. ஏழு மணி நேரத்தைக் காணோம்.

இப்போது அம்மா குறுக்கே வருவார். “அவன் என்னத்தம்மா செய்யுறான், சும்மாதான் கெடக்கான்.” அதை எழுதிக்கொண்டு வந்துவிட்டால் வேலை கெட்டது. “சரிங்கம்மா, தம்பியே சொல்லட்டும். தம்பி, காலையில எந்திரிச்சதும் எங்க இருப்பீங்க? ஒன்பது மணி பஸ் போற வரைக்கும்?” என்று மணியைவிட்டு, அந்த ஊரில் நேரம் காட்டுகிற விஷயங்களைப் பிடித்துப் போக வேண்டும்: டவுன் பஸ், பள்ளிக்கூடம் விடுவது, பாங்கு, கோயில் மணி, சாயங்கால சீரியல். அப்புறம்தான் வரும். பஸ் போகும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பது ஒன்றரை மணி. மத்தியானம் சாப்பிட்டுப் படுப்பது இரண்டு மணி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாய்க்கால் மதகில் பீடியோடு உட்கார்ந்திருப்பது இருட்டும் வரை, மூன்று மணி. மொத்தம் 23.5. முதலில் ஐந்து மணி என்று சொன்ன உட்காரும் நேரம் பதினொன்றரையாகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. மதகில் உட்கார்ந்திருப்பதை ஒரு செயலாகவே அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் மனநோய் தீர வேண்டி ஒரு மண்டலம், 48 நாள், தங்கியிருக்கும் நோயாளிகளிடம் இதே கேள்விகளைக் கேட்பது சுலபமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உச்சிகாலத்தில் தீர்த்தம், அர்த்தசாமத்தில் தீர்த்தம் என்று அங்கே நாளுக்கு எலும்புக்கூடு இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களின் நாளுக்குத்தான் அது இல்லை.

ஆனால் சிம்பேக்கையும் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. கருவியோடு ஒப்பிட்டபோது, மிதமான, கடுமையான இயக்கத்துக்கான பொருத்தம் 0.25 அளவில்தான் இருந்தது. ஒன்று என்றால் முழுப் பொருத்தம், பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை. மற்ற கேள்வித்தாள்களும் இதைவிடப் பிரமாதம் ஒன்றும் இல்லை. ஒரு தனிமனிதருக்கு ‘நீங்கள் இத்தனை நிமிடம் இயங்குகிறீர்கள்’ என்று அடித்துச் சொல்ல இது போதாது. பேச்சைத் தொடங்க, பெரிய ஓட்டை எங்கே என்று பார்க்கப் போதும்.

அப்படியானால் கருவியையே கட்டிவிடலாமே? ஆக்சிலரோமீட்டர் என்பது தீப்பெட்டியைப் போன்ற சின்னப் பெட்டி. மூன்று திசைகளிலும் உடம்பின் அசைவு வேகம் மாறுவதைப் பதிவு செய்யும். ஆய்வுகளில் அதிகம் வருவது ஆக்டிகிராஃப். இடுப்பில் கட்டி, நிமிடத்துக்கு 100 அசைவெண்ணுக்குக் கீழே இருந்தால் உட்கார்ந்திருப்பது, 1,952-க்கு மேலே போனால் மிதமான இயக்கம் என்று கோடு போட்டுப் பிரிப்பது ஒரு வழக்கம். இந்த இரண்டாவது கோடு 1998-இல் 50 இளம் வயதினரை டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு வரைந்தது. எடை கூடி, மருந்தால் உடம்பு இறுகி, மெதுவாக நடக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு மேட்டுத் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நடப்பதே மூச்சு வாங்கும் வேலை. கருவி அதை ‘லேசான அசைவு’ என்று எழுதும். குடத்தின் கனம் அதற்குத் தெரியாது. சைக்கிள் மிதிப்பதும் இடுப்புக் கருவியில் சரியாக ஏறாது. நடவு இன்னும் மோசம்: சேற்றில் குனிந்தபடி, அடிமேல் அடி பின்னால் வைத்து, மணிக்கணக்கில் முதுகொடிய வேலை செய்த பெண்ணின் இடுப்பு அதிகம் குலுங்குவதே இல்லை. யோகாவும் இப்படித்தான். 2007-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் மனச்சிதைவு நோயாளிகளிடம் யோகாவால் நல்ல பலன் கிடைப்பதாகக் காட்டினார்கள். ஆனால் ஆசனத்தில் நிலையாக நிற்பவரைக் கருவி சும்மா இருப்பவராகத்தான் கணக்கில் எடுக்கும்.

இவற்றைவிட எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. கருவியைக் கழற்றி வைத்தால் பூஜ்யம் பதிவாகும். அதனால் மென்பொருள், தொடர்ந்து 60 அல்லது 90 நிமிடம் பூஜ்யமாக இருந்தால் அந்த நேரத்தை ‘அணியவில்லை’ என்று கணக்கிலிருந்தே நீக்கிவிடும். ஒரு நாளில் 10 மணி நேரம் அணிந்திருந்தால்தான் அந்த நாள் செல்லும். அப்படி நான்கு நாளாவது வேண்டும் என்பது பரவலான விதி. சாதாரண ஆட்களுக்கு இது சரி. மருந்து மயக்கத்தில் மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கு? அவர் கருவியை அணிந்தபடிதான் கிடந்தார். மென்பொருள் அணியவில்லை என்கிறது. அந்த நாள் போகிறது, இப்படி நாலு நாள் போனால் ஆளே ஆய்விலிருந்து போய்விடுகிறார். யாருடைய நிலைமை மிக மோசமோ அவர்களைத் தேடிப்பிடித்துக் கழித்துக்கட்டும் ஒரு விதியை நல்லெண்ணத்தோடு வைத்திருக்கிறோம். மிச்சமிருப்பவர்களின் சராசரி அழகாகத்தான் இருக்கும்.

மறுபுறம், மருந்தின் பக்கவிளைவே அசைவாகக் காட்டிக்கொள்ளும். சிலருக்கு ஊசிக்குப் பிறகு ஓர் இடத்தில் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்து, எழுந்து, உட்கார்ந்து, நடந்து தவிப்பு இருக்கும். அகதீசியா என்பார்கள். கருவிக்கு அது நல்ல நடை. கை நடுக்கம் இருந்தால் மணிக்கட்டில் கட்டிய பட்டை அதையும் சேர்த்துக்கொள்ளும். கால் தேய்த்து மெதுவாக நடப்பவரின் அடிகளைப் பல அடியெண்ணிகள் விட்டுவிடும். நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கே டோக்கியோ ஒலிம்பிக்ஸை ஒட்டி 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணியின் பெயரிலிருந்து கிளம்பியது. அதை எடுத்துக்கொண்டு போய் இவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஊர்க்காரியமும் இருக்கிறது. புடவைக்கு மேல் பெல்ட் கட்டி யார் வயலுக்குப் போவது? குளத்தில் குளிக்கக் கழற்றினால் படித்துறையிலேயே மறந்துவிடும். கையில் கட்டினால் “என்னடி புதுசா கட்டியிருக்கே” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். மாத்திரை சாப்பிடுவதையே மறைத்து வாழ்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை. தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயமே நோயாக இருப்பவரின் உடம்பில், உண்மையாகவே கண்காணிக்கிற ஒரு பெட்டியைக் கட்டுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

எண் ஒன்றே ஆனாலும் எல்லோருக்கும் ஒரே பொருள் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மனச்சிதைவில் அசைவு கூடினால் பொதுவாகச் சந்தோஷப்படலாம். இருமுனைக் கோளாறில் அப்படியில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க்குறிக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, 2013-இல், மனம் அளவுமீறிக் கிளர்ந்திருக்கும் எழுச்சி நிலைக்கான (மேனியா) அடிப்படை அடையாளத்திலேயே இயக்கமும் சக்தியும் கூடுவதைச் சேர்த்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மண்வெட்டியோடு வரப்பு வெட்டப் போனார் என்றால், அன்றைய நடைக் கணக்கு பிரமாதமாக இருக்கும். உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டிய நாளும் அதுதான். படுக்கை நேரத்தையும் சேர்த்து எழுதியிருந்தால் இது கண்ணில் படும். நடையை மட்டும் எழுதினால் பாராட்டிவிட்டு அனுப்பிவிடுவோம்.

அடுத்தது பருவம். டெல்டாவில் அளப்பவர்கள் இதை மறந்தால் ஆய்வு முழுக்க வீண். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை. ஆகஸ்டுக்கு மேல் சம்பா நடவு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை, தண்ணீர் நின்றால் வீட்டைவிட்டே இறங்க முடியாது. தை, மாசியில் அறுவடை. அப்புறம் உளுந்து, பயறு. சித்திரை, வைகாசியில் வயலும் காய்ந்து கிடக்கும், ஆளும் நிழலில் கிடப்பார். ஜனவரியில் ஒருவரை அளந்து, நடைத் திட்டம் ஒன்றைக் கொடுத்து, மே மாதம் திரும்ப அளந்தால் திட்டம் தோற்றுவிட்டதாகத்தான் தெரியும். செப்டம்பரில் அளந்தால் வென்றதாகத் தெரியும். மாசியை மாசியோடுதான் ஒப்பிட வேண்டும். அறுவடை மெஷினும் வைக்கோல் கட்டும் மெஷினும் வந்த பிறகு தையில்கூட முன்பு மாதிரி வேலை இல்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். கட்டுத் தூக்கவும், போர் போடவும், மாடு ஓட்டவும் மெதுவாக வேலை செய்கிற ஓர் ஆளுக்கும் இடம் இருந்தது. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பலருக்குச் சோறு மட்டும்தான் கூலி. ஆனால் உட்காரும் நேரம் குறைவாக இருந்திருக்கும்.

நடைமுறையில் செய்யக்கூடியது என்று பார்த்தால், கருவியை ஆராய்ச்சிக்காரர்களுக்கு விட்டுவிட்டு, மாதாந்திர முகாமுக்கு ஒரே தாளில் ஐந்து பெட்டிகள் போதும். டாக்டர் கேட்க வேண்டியதில்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சமூகப் பணியாளர் கேட்டுவிடலாம். ஆலோசனையும் காணாமல் போன மணிகளிலிருந்து வர வேண்டும். மனச்சிதைவில் வாரத்துக்கு 90 நிமிடம் அளவுக்கு மூச்சு வாங்கும் பயிற்சி செய்தவர்களுக்கு நோயின் அறிகுறிகளே குறைந்ததாக 2015-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. பதினொன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் நாளில் அதற்கான கால் மணியைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, மதகு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்.

கேட்பவர் யார் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் வருகிறது. 40 சதவீதம் என்று சான்றிதழ் கிடைத்தால்தான் பல உதவிகள் கிடைக்கும். அந்தச் சதவீதத்தைப் போடும் அளவுகோலில், வேலை செய்கிறாரா என்பதும் ஒரு தலைப்பு. ஆகவே அரசு ஆஸ்பத்திரி மேஜையில் உட்கார்ந்துகொண்டு “பையன் வேலைவெட்டி ஏதாவது பார்க்கிறானா” என்று கேட்டால், நன்றாக மாடு மேய்க்கிற பையனுக்கும் “ஒண்ணும் செய்யுறதில்லைங்க” என்றுதான் அந்த அம்மா சொல்வார். உதவித்தொகை நின்றுபோகுமோ என்று பயப்படுகிறவர் வேறெப்படிப் பேசுவார்? இந்தத் தாள் சான்றிதழ்க் கோப்போடு சேராது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னபடி சேர்க்காமலும் இருக்க வேண்டும்.